செம்பனைக்கு மேலே 15 மீட்டர்: டேக்-ஆஃப் தூரத்தை எதைக் கொண்டு அளப்பது?

கிட், அதாவது பாகங்களாக விற்கும் தொகுப்பு, வாங்கிக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் ஒன்று எங்கள் வட்டாரத்தில் தயாராகி நிற்கிறது. ரோட்டாக்ஸ் 912 என்ஜின், 100 குதிரைத்திறன், முழு எடை 600 கிலோ. மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையத்துக்கான தாள் வேலைகள் ஒரு பக்கம் நடக்கின்றன. அது முடிந்து சோதனைப் பறப்பு தொடங்கும்போது டேக்-ஆஃப் தூரத்தை எப்படி அளப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. கொடி போதும் என்கிறார் ஒருவர். கேமரா வை என்கிறார் இன்னொருவர். கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள் பிள்ளைகள். நான் ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கும் என் முடிவும்தான் இந்தக் கட்டுரை.

ஊர் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, பழைய ஆட்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. இன்றும் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். நாங்கள் பயன்படுத்தப் போகும் ஓடுபாதையும் ஒரு தோட்டத்துக்குள் கிடக்கிறது. கெட்டிப்பட்ட செம்மண், மேலே குட்டைப் புல், நீளம் சுமார் 600 மீட்டர். இரு முனையிலும் மறுநடவு வயதை நெருங்கிய மரங்கள். மட்டையோடு சேர்த்தால் 15 மீட்டர் உயரம் வரும்.

சிறிய விமானங்களுக்கு டேக்-ஆஃப் தூரம் என்றால், பிரேக்கை விட்ட இடத்திலிருந்து 50 அடி உயரத்தைத் தாண்டும் இடம் வரை உள்ள தூரம். 50 அடி என்பது 15 மீட்டர். பெரிய ஜெட்களுக்கு அந்த உயரம் 35 அடி. சமவெளியில் இருக்கும் விமான நிலையத்தில் இந்த 50 அடி ஒரு கற்பனைக் கோடுதான். எங்களுக்கு அந்தக் கோட்டில் மரம் நிற்கிறது. அதனால் சக்கரம் எங்கே தரையை விட்டது என்று மட்டும் அளந்துவிட்டுக் கை கழுவ முடியாது. தரையோட்டம், அதற்கப்புறம் 15 மீட்டருக்கு ஏறும் வான்பகுதி, இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எந்த முறை இந்த இரண்டையும் தருகிறது என்பதே என் முதல் கேள்வி.

அளக்காமலே விட்டால்?

கிட் நிறுவனத்தின் தாளில் ஒரு எண் இருக்கும். அதை வைத்தே பறக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு, அதையும் பார்த்துவிடுவோம். பேச்சுக்கு 50 அடிவரை 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். அது கடல் மட்டம், 15 பாகை வெப்பம், காய்ந்த தார்ப்பாதை, புது என்ஜின், கைதேர்ந்த விமானி என்ற நிலைக்கான எண். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானிகளுக்கென்று பெருக்கு எண்கள் வெளியிட்டிருக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் 1.1. காய்ந்த குட்டைப் புல்லுக்கு 1.2, ஈரப் புல்லுக்கு 1.3. எடை 10 சதவீதம் கூடினால் 1.2. எல்லாவற்றுக்கும் மேல் பாதுகாப்புக்கு 1.33. இவற்றை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

எங்கள் மதியம் 32 பாகை, அதாவது 17 பாகை கூடுதல். அதற்குப் பெருக்கு எண் ஏறக்குறைய 1.18. காய்ந்த புல்லில் 300 மீட்டர் 563 ஆகிறது. மழை பெய்து ஈரமாகிவிட்டால் 610. ஓடுபாதை 600. காய்ந்த நாளில் மயிரிழையில் போதும், ஈர நாளில் போதாது என்கிறது தாள். இவ்வளவு நெருக்கமாக வரும் இடத்தில் தாளை நம்பி இரண்டு பேரை ஏற்ற எனக்கு மனம் வராது. நம் விமானத்தின் சொந்த எண் வேண்டும்.

கொடியும் கேமராவும்

உரம் தூவும் விமானங்களுக்குத் தோட்டத்தில் கொடி பிடித்த பெரியவர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். ஓடுபாதை ஓரத்தில் 20 மீட்டருக்கு ஒரு கொடி நட்டு, கொடிக்கு ஓர் ஆளை நிறுத்தினால் சக்கரம் எங்கே கிளம்பியது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. "கொடி பொய் சொல்லாது தம்பி" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. பேட்டரி தீராது, மென்பொருள் தொங்காது, செலவு சில பத்து வெள்ளி (ரிங்கிட்).

ஆனால் கணக்கு இப்படி வருகிறது. விமானம் தரையை விடும் வேகம் சுமார் 50 நாட், வினாடிக்கு 26 மீட்டர். கண் பார்த்து மூளை சொல்ல 0.2 வினாடி ஆனாலே 5 மீட்டர் போய்விடும். முழு ஓட்டத்தையும் சற்றுச் சரிவாகப் பார்க்கும் ஆளுக்குச் சக்கரம் புல்லை உரசுகிறதா, ஒரு சாண் மேலே இருக்கிறதா என்று தெரியாது. அந்த ஒரு சாண் உயரத்திலேயே விமானம் பல மீட்டர் போய்விடும். தரையோட்டத்தை 10 மீட்டர் தப்பிதத்துக்குள் சொல்லலாம், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

வான்பகுதியில் கொடி கைவிட்டுவிடுகிறது. இந்த விமானம் வினாடிக்கு 4 மீட்டர் ஏறி, 28 மீட்டர் முன்னே போகும் என்று வையுங்கள். ஒரு மீட்டர் ஏற ஏழு மீட்டர் தூரம். அப்படியென்றால் உயரத்தில் ஒரு மீட்டர் தவறினால் தூரத்தில் ஏழு மீட்டர் தவறும். 15 மீட்டர் உயரத்தைக் கீழே நின்று கண்ணால் மதிப்பிடுபவர் மூன்று மீட்டர் தவறுவது சாதாரணம். அது 21 மீட்டர். இந்த ஏழு மடங்குதான் எல்லா முறைகளையும் சலித்து எடுக்கும் சல்லடை. மற்றவற்றையும் இதில் போட்டே பார்த்தேன்.

கேமரா பழைய, மதிப்பான வழி. விமானத் தயாரிப்பாளர்கள் பல பத்தாண்டுகளாக டேக்-ஆஃபைப் படம் பிடித்தே அளந்தார்கள். ஓடுபாதையின் பக்கவாட்டில் நின்று, ஒரே கண்ணாடித் தகட்டில் விமானத்தின் நிலைகளை நேரத்தோடு வரிசையாகப் பதியும் ஃபேர்சைல்ட் கேமரா அந்தக் காலச் சோதனைக் களங்களில் புழங்கியது. இன்று ஒரு நல்ல கைத்தொலைபேசி வினாடிக்கு 60 படம் எடுக்கிறது. 26 மீட்டர் வேகத்தில் படத்துக்குப் படம் அரை மீட்டருக்கும் குறைவு. சக்கரத்துக்கும் நிழலுக்கும் இடையில் வெளிச்சம் தெரியும் முதல் படத்தைத் தேடி நிறுத்தினால், தரையை விட்ட இடத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

கேமராவின் சிக்கல் கோணம். விமானம் கேமராவுக்கு நேர் எதிரே வரும்போது எல்லாம் சரி. 45 பாகைச் சரிவில் பார்க்கும்போது, விமானி நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் விலகினால் தூரத்திலும் ஒரு மீட்டர் தவறு ஏறும். ஓரங்களில் லென்ஸ் வளைவு வேறு. 150 மீட்டர் தள்ளி நிறுத்தி, விமானம் நேர் எதிரே 15 மீட்டரைத் தாண்டும்படி அமைந்தால் உயரம் 30 சென்டிமீட்டருக்குள் கிடைக்கும், தூரத்தில் 2 மீட்டர் தவறு. நல்ல எண்தான். ஆனால் எங்கே தாண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கேமராவை அங்கே நிறுத்த முடியும், அதுதானே நமக்குத் தெரியவேண்டிய விஷயம்! அதோடு, எங்கள் பாதைக்கு 150 மீட்டர் பக்கவாட்டில் வெட்டவெளி கிடையாது. செம்பனை வரிசைக்குள்தான் முக்காலி நிற்கும், மட்டை மறைக்கும். திறந்த நிலம் உள்ளவர்கள் கேமராவை முதல் இடத்தில் வைக்கலாம். எங்களுக்கு அது துணைதான்.

கைத்தொலைபேசிக்குள் இருப்பவை

முடுக்கமானி, அழுத்தமானி, ஜிபிஎஸ் எல்லாம் பையிலேயே இருக்கிறது, அப்புறம் எதற்குச் செலவு என்று பிள்ளைகள் கேட்டதில் தப்பில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முடுக்கமானி தரும் முடுக்கத்தை ஒருமுறை கூட்டினால் வேகம், இன்னொருமுறை கூட்டினால் தூரம். புத்தகத்தில் சரி. ஆனால் அதில் புவியீர்ப்பின் நூறில் ஒரு பங்கு நிலைத்த பிழை இருந்தால், 20 வினாடியில் தூரத்தில் அது 20 மீட்டராக வளர்ந்துவிடும், ஏனென்றால் பிழை நேரத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது. அதைவிட மோசம் மூக்குத் தூக்கல். விமானி மூக்கை ஒரு பாகை தூக்கினாலே புவியீர்ப்பின் ஒரு துண்டு முன்னோக்கிய முடுக்கம் போல் வேடம் போட்டு உள்ளே வரும், அது அந்த நிலைப்பிழையை விடப் பெரியது. எழும்பும்போது எட்டுப் பாகையாவது தூக்குவார். ஆகவே முடுக்கமானியைத் தனியாக நம்பித் தூரம் சொல்லவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனாலும் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். செம்மண் பாதையில் ஓடும்போது விமானம் கடகடவென்று அதிரும். வரைபடத்தில் அது தடிமனான கறுப்புப் பட்டையாகத் தெரியும். சக்கரம் தரையை விட்ட கணத்தில் அந்தப் பட்டை சட்டென்று மெலிந்துவிடும். என்ஜின் அதிர்வு மட்டும் மிச்சம். பெரிய விமானங்களில் சக்கரத்தில் பாரம் இருக்கிறதா என்று சொல்லும் சுவிட்ச் உண்டு, நம் விமானத்தில் அது இல்லை. அந்த வேலையை இந்த அதிர்வு பார்த்துக்கொள்ளும். தார்ப்பாதைக்காரர்களுக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

அழுத்தமானியை உயரத்துக்கு நம்பலாமா? விமானி அறைக்குள் காற்றழுத்தம் வேகத்தோடு மாறும். 28 மீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 455 பாஸ்கல். அதில் ஐந்தில் ஒரு பங்கு அறைக்குள் உறிஞ்சலாகவோ தள்ளலாகவோ வந்தாலும் உயரம் 8 மீட்டர் தவறும். ஏழு மடங்குச் சல்லடையில் போட்டால் 56 மீட்டர். வேண்டாம்.

தொலைபேசியின் ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைச் சொல்லும். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் 26 மீட்டர். கிடைத்தளத்தில் சில மீட்டர் தவறு, உயரத்தில் அதைவிட அதிகம். ஜிபிஎஸ் தரும் வேகம் மட்டும் ஆச்சரியப்படும்படி நன்றாக இருக்கும், அது அலைவரிசை மாற்றத்திலிருந்து நேரடியாகக் கணக்கிடப்படுவதால். தரையோட்டத்துக்கு அந்த வேகத்தைக் கூட்டிப் பயன்படுத்தலாம். மரத்தைத் தாண்டும் கணக்குக்குத் தொலைபேசி போதாது.

சர்வேயர்களின் ஜிபிஎஸ்

இப்போது தோட்டங்களில் ட்ரோன் விட்டு மரம் எண்ணுகிறார்கள். அந்த ட்ரோன்காரர்கள் கொண்டு வரும் கருவியைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி திறந்தது. தரையில் அசையாமல் ஒரு ஜிபிஎஸ் நிலையம், மேலே பறப்பதில் இன்னொன்று. இரண்டும் ஒரே செயற்கைக்கோள்களின் அலையை ஒரே நேரத்தில் பதிகின்றன. இரண்டின் பதிவையும் பிற்பாடு கணினியில் சேர்த்துக் கணக்கிட்டால், பொதுவான பிழைகள் ஒன்றையொன்று கழித்துவிடும். கிடைத்தளத்தில் 2 சென்டிமீட்டர், உயரத்தில் 3, 4 சென்டிமீட்டர் துல்லியம். சல்லடையில் போட்டால் தூரத் தவறு 30 சென்டிமீட்டருக்குள். மற்ற எந்த முறையும் இதன் பக்கத்தில் வரவில்லை.

விமானத்தில் உடனுக்குடன் விடை தெரிய வேண்டியதில்லை என்பதால் ரேடியோ இணைப்பும் தேவையில்லை. யூ-பிளாக்ஸ் எஃப்9பி போன்ற இரட்டை அலைவரிசைச் சில்லுகள் வந்தபிறகு, இரண்டு கருவியும் ஆன்டெனாவும் சேர்த்துச் சில ஆயிரம் வெள்ளிக்குள் முடிகிறது. ஆர்டிகேலிப் என்ற இலவச மென்பொருள் கணக்குப் போட்டுத் தரும். நில அளவைத் துறை தன் நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களின் பதிவைத் தரும் மைஆர்டிகேநெட் சேவையையும் பயன்படுத்தலாம், ஆனால் ஓடுபாதை ஓரத்திலேயே நம் சொந்த நிலையம் இருந்தால் தூரம் குறைவு, பிழையும் குறைவு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுப் பகுதி. சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலம் கலங்கி ஜிபிஎஸ் அலையை நடுங்க வைக்கும், அதுவும் மார்ச், செப்டம்பர் வாக்கில் அதிகம். விடியற்காலையில் பறப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கருவி ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, சக்கரம் எங்கே என்று சொல்வதில்லை. ஆன்டெனா முக்கியச் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தால், மூக்கை எட்டுப் பாகை தூக்கும்போது சக்கரம் தரையிலேயே இருக்க ஆன்டெனா மட்டும் 14 சென்டிமீட்டர் உயரும். அதைப் பார்த்து விமானம் கிளம்பிவிட்டது என்று முடிவு கட்டினால் தரையோட்டம் குறைந்து தெரியும். ஆன்டெனாவை முடிந்தவரை சக்கரத்துக்கு நேர் மேலே ஒட்டுங்கள். கிளம்பிய கணத்தை அதிர்விலிருந்தும் கேமராவிலிருந்தும் எடுங்கள்.

லேசர் தூரமானி, கோணம் அளக்கும் தியோடலைட், ரேடார் எல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை. எங்கள் அளவுக்கு விலையும் பயிற்சியும் ஒத்து வராது.

கருவியைவிடக் காற்று பெரிது

இதுவரை மீட்டர், சென்டிமீட்டர் என்று சண்டை போட்டோம். இனி வருவதைப் பார்த்தால் அந்தச் சண்டையின் அளவு புரியும்.

200 மீட்டரில் விமானம் தரையை விட்டது என்று துல்லியமாக அளந்துவிட்டோம். அப்போது 5 நாட் எதிர்க்காற்று வீசியது. காற்றில்லாத நிலைக்கு இதை மாற்ற, சோதனைப் பறப்புப் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. காற்றின் வேகத்தையும் தரையை விடும்போது இருந்த தரைவேகத்தையும் கூட்டி, அந்தத் தரைவேகத்தால் வகுத்து, வரும் எண்ணை 1.85 படிக்கு உயர்த்திப் பெருக்க வேண்டும். தரைவேகம் 50 நாட் என்றால் 1.1ஐ 1.85 படிக்கு உயர்த்த 1.19 வரும். 200 மீட்டர் 239 ஆகிவிட்டது. காற்றை ஒரு நாட் தவறாகக் குறித்திருந்தால் விடையில் 7, 8 மீட்டர் பிசகும். இரண்டு சென்டிமீட்டர் ஜிபிஎஸ்ஸை வாங்கிவிட்டு, காற்றைக் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்துக் குறிப்பவர் அந்தப் பணத்தை வடிகாலில் போட்டது போலத்தான்.

தோட்டத்து ஓடுபாதையில் காற்று இன்னும் சிக்கல். செம்பனை இரு பக்கமும் சுவர் மாதிரி நிற்பதால் பாதையில் இலை அசையாது, மட்டைக்கு மேலே நல்ல காற்று ஓடும். அதாவது தரையோட்டத்துக்கு ஒரு காற்று, வான்பகுதிக்கு வேறு காற்று. வான்பகுதித் திருத்தமும் வேறு: எதிர்க்காற்றின் வேகத்தை அந்தப் பகுதிக்கான நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். அதற்குள்ளே போட வேண்டியது மேலே வீசும் காற்று. அதனால் காற்றுமானி இரண்டு வேண்டும் என்கிறேன். ஒன்று பாதை ஓரத்தில் இறக்கை உயரத்தில், இன்னொன்று நீண்ட கம்பத்தில் மர உச்சிக்கு அருகில். இரண்டும் நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பெரிதாக மாறுபட்டால் அன்றைய ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

எந்த நேரம் நல்லது? விடிந்த கையோடு. மதியத்துக்கு மேல் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே வந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ரா புயல்காற்று வரும் நாள்களும் உண்டு, அந்த நாள் போனால் போகட்டும். அமைதியான காலையில் ஒரே பாதையில் இரு திசையிலும் ஓடினால் பாதையின் மேடு பள்ளமும் மிச்சமிருக்கும் காற்றும் ஓரளவு சமன்படும். திசைக்கு மூன்றாக ஆறு நல்ல ஓட்டமாவது வேண்டும் என்பது என் கருத்து. விமானி ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில்தான் எழுப்ப வேண்டும், ஏனென்றால் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் போகிறது. 5 சதவீதம் வேகம் கூடினால் 10 சதவீதம் தூரம் கூடும்.

எடையும் அப்படித்தான், வர்க்கத்துக்கும் சற்று மேல். ஓடி ஓடி 10 லிட்டர் பெட்ரோல் எரிந்திருந்தால் 7 கிலோ குறைந்திருக்கும், 240 மீட்டரில் அது ஆறேழு மீட்டர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டாங்கியின் அளவை எழுதிவைக்க ஒரு தம்பியை நியமித்தால் போதும், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

காலையில் அளந்த எண்ணை மதியத்துக்கு மாற்றுவது அடுத்த வேலை. விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைக்கும் திட்ட வளிமண்டலத்தின் கடல்மட்டக் காற்றடர்த்தியை 100 என்று வைத்தால், 24 பாகை ஈரமான காலையில் நமக்குக் கிடைப்பது 96. மதியம் 32 பாகையில், ஈரப்பதத்தையும் சேர்த்தால், 93. ஈரம் மட்டுமே ஒரு சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அலகின் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்துக்குத் தரையோட்டம் அடர்த்தியின் 2.4 படிக்கு எதிர்விகிதம் என்று எடுத்தால், காலையைவிட மதியம் 7, 8 சதவீதம் நீளும். 240 மீட்டர் 257 முதல் 259 வரை ஆகும்.

வரைபடம் எதற்கு

"தூரம் தெரிந்தால் போதாதா அண்ணே, இவ்வளவு நேரப்பதிவு எதுக்கு?" என்று விமானத்தைக் கட்டியவர்களில் இளையவர் கேட்டார். முறைகளைப் பிரித்துப் பார்க்க வைக்கும் கேள்வி இது. கொடியும் கேமராவும் முடிவில் ஒரு தூரத்தைச் சொல்லும். ஜிபிஎஸ் பதிவு, ஓட்டத்தின் ஒவ்வொரு கணத்திலும் வேகம் என்ன, முடுக்கம் என்ன என்று சொல்லும். முடுக்கத்தை வேகத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்க்கோடு வரும். அந்தக் கோடு தொடங்கும் உயரம், புரொப்பெல்லரின் இழுவையில் தரை உராய்வு போக மிச்சம் எவ்வளவு என்று காட்டும். கோட்டின் சரிவு காற்றுத்தடையையும், வேகம் கூடக் கூட இழுவை குறைவதையும் காட்டும்.

எங்களுக்கு இது ஏன் உயிர்நாடி என்றால், மழை. கெட்டியான குட்டைப் புல்லில் உருளும் உராய்வு எடையில் 4, 5 சதவீதம். நனைந்து மெத்தென்று ஆன மண்ணில் 10 சதவீதத்துக்கும் மேல் போகும். 600 கிலோவுக்கு 4 சதவீதம் என்றால் 235 நியூட்டன், 10 என்றால் 589. ஓட்டத்தில் சராசரி இழுவை 1,700 நியூட்டன் என்று வைத்தால், ஐந்தில் ஒரு பங்கை ஈர மண்ணே கூடுதலாகத் தின்றுவிடுகிறது. ஆனால் ஈர மண்ணில் எழும்பிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மழைக்கு மறுநாள் பாதி வேகம் வரை ஓட்டி, இழுவையைக் குறைத்து நிறுத்திவிட்டால், அந்தச் சிறு ஓட்டத்தின் பதிவே கோட்டின் தொடக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டிவிடும். மீதியைக் கணக்கில் போடலாம். ஆபத்தில்லாமல் இந்தத் தகவலைத் தருவது நேரப்பதிவு ஒன்றுதான். துல்லியத்தைவிட இதற்காகத்தான் நான் சர்வேயர் ஜிபிஎஸ் பக்கம் நிற்கிறேன்.

என் முடிவு

இரட்டை ஜிபிஎஸ் முதன்மைக் கருவி. அதே பணத்தில் பங்கு வெட்டியாவது நேரத்தோடு பதிவு செய்யும் காற்றுமானி இரண்டு. பாதை ஓரத்தில், தரையை விடும் இடம் என்று எதிர்பார்க்கும் பகுதிக்கு எதிரே ஒரு கேமரா. விமானத்தின் தரையில் இறுக்கி ஒட்டிய ஒரு பழைய தொலைபேசி, அதிர்வு பதிய மட்டும். கொடியும் இருக்கட்டும், பெரியவர் தலைமையில். ஜிபிஎஸ் சொல்லும் இடமும் கொடி சொல்லும் இடமும் 20 மீட்டருக்கு மேல் வேறுபட்டால் கணக்கில் எங்கோ பெரிய தப்பு நடந்திருக்கிறது, அன்றே தேடிப் பிடிக்கலாம். இவை எல்லாவற்றின் கடிகாரமும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். பிரேக்கை விடும் கணத்தில் விமானி விளக்கை ஒருமுறை போட்டு அணைத்தால் கேமராவுக்கும் தொடக்கம் கிடைத்துவிடும்.

பணம் பாதிதான் இருக்கிறது என்றால் நான் ஜிபிஎஸ்ஸை இரவல் வாங்குவேன், ட்ரோன்காரர்களிடம் ஒரு காலைக்குக் கேட்டால் கிடைக்கும். காற்றுமானியை விடமாட்டேன். அதுவும் முடியாதென்றால் கேமராவும் கொடியும் ஒரு காற்றுமானியும் வைத்து, இலை அசையாத காலையில் மட்டும் அளந்து, வான்பகுதிக்கு 20 மீட்டர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

முடிவில் தயாரிக்கும் அட்டவணையில் காற்றுக்குச் சலுகை கொடுக்கும்போது பெரிய விமானங்களின் விதியையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்: எதிர்க்காற்றில் பாதியை மட்டும் நம்புவது, பின்காற்றை ஒன்றரை மடங்காக எண்ணுவது. மதிய வெப்பம், முழு எடை, காற்றில்லை என்ற நிலைக்கு வரும் எண்ணை 1.33ஆல் பெருக்கிப் பார்ப்போம். 600க்குள் அடங்கினால் இரண்டு பேர். அடங்காவிட்டால் பாதி டாங்கி, அதிலும் அடங்காவிட்டால் மதியத்தில் ஒருவர் மட்டும். ஈர மண்ணுக்கென்று தனி வரி ஒன்று அட்டவணையில் இருக்கும், அதை நிரப்பும் வரை மழைக்கு மறுநாள் சிறு ஓட்டம் மட்டுமே, விமானம் எழும்பாது.